பேர் மாறினா ஆள் தொலைஞ்சு போயிடுமா?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப அம்மா ஒரு வேலை குடுத்தாங்க. "நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கியே, என்கூடப் பத்தாவது படிச்சவளைக் கொஞ்சம் தேடிக் குடேன்." பேரும் இனிஷியலும் சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் தேடினேன், கிடைக்கலை. அப்புறம்தான் உறைச்சது. அது கல்யாணத்துக்கு முந்தின இனிஷியல். இப்போ அந்த இடத்துல வீட்டுக்காரர் பேரோட முதல் எழுத்து இருக்கும். பொட்டி தட்டுறவனுக்கு இது முதல்லயே தோணியிருக்கணும் :-)

அப்போ ஞாபகம் வந்தது பெர்லின் தோழிகள் ரெண்டு பேரோட கதை.

ஒருத்தி இல்ஸ கோன், இன்னொருத்தி அன்னமரி வாரன்பெர்க். ரெண்டு பேரும் யூதக் குழந்தைகள், உயிர்த் தோழிகள். 1938 நவம்பர்ல ஜெர்மனி முழுக்க யூதர்களோட கடைகளை நொறுக்கி, கோயில்களைக் கொளுத்தினாங்க. அதுக்கப்புறம் எந்த நாடு உள்ளே விடுமோ அந்த நாட்டுக்கு ஓட வேண்டியதுதான். 1939 மே மாசம் இல்ஸ குடும்பம் சீனாவுல இருக்கிற ஷாங்காய்க்குக் கிளம்பிச்சு. விசா கேக்காம ஆளை விட்ட ரொம்பச் சில இடங்கள்ல அதுவும் ஒண்ணு. கிளம்புறதுக்கு முன்னாடி பள்ளிக்கூட வளாகத்துல ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. வயசு ஒன்பது. அதே வருஷம் அன்னமரி குடும்பம் தென் அமெரிக்காவுல சிலி நாட்டுக்குப் போயிடுச்சு.

அதோட தொடர்பு அறுந்து போச்சு. தோழி உயிரோட இல்லைன்னே ரெண்டு பேரும் நினைச்சுக்கிட்டாங்க.

இங்கே பேர்களுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. முதல்ல அரசாங்கம் கை வச்சது. 1938ல போட்ட உத்தரவுப்படி யூதப் பெண்கள் தங்கள் பேரோட 'சாரா'ன்னு சேத்துக்கணும், ஆண்கள் 'இஸ்ரேல்'னு சேத்துக்கணும். இல்ஸ பின்னாடி எழுதின சுயசரிதைக்குத் தலைப்பே 'ஒரு காலத்தில் என் பேர் சாரா' என்ற அர்த்தத்துல இருக்கும். அடுத்தது புலம்பெயர்வு. அன்னமரி சிலியில அனா மரியா ஆனாங்க. மூணாவது கல்யாணம். ஷாங்காயில ஒரு ரஷ்யரைக் கட்டிக்கிட்டு, ஆஸ்திரேலியா வழியா அமெரிக்கா போய்ச் சேந்த இல்ஸ, பெட்டி கிரெபென்ஷிகாஃப் ஆயிட்டாங்க. பழைய பேரை வச்சு எவ்வளவு தேடினாலும் எப்படிங்க கிடைக்கும்?

பெட்டி தேடாம இல்லை. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994ல ஷோவா அறக்கட்டளையைத் தொடங்கினார். இனப்படுகொலையில தப்பினவங்க 50,000 பேருக்கு மேல சொன்ன சாட்சியங்கள் அங்கே வீடியோவா இருக்கு. 1997ல பெட்டியும் அதுல பேசினாங்க. பேசும்போது, அன்னமரி வாரன்பெர்க்னு எனக்கு ஒரு தோழி இருந்தா, இன்னும் அவளைத் தேடிக்கிட்டிருக்கேன்னு பழைய பேரைச் சொல்லி வச்சாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் இருபத்து மூணு வருஷம் ஒண்ணும் நடக்கலை.

2020 நவம்பர்ல, அந்த 1938 கலவரத்தோட நினைவுநாளுக்காக இணையவழிக் கூட்டம் ஒண்ணு நடந்துச்சு. சிலியிலேருந்து அனா மரியா அதுல பேசினாங்க. ஷோவா அறக்கட்டளையில சாட்சியங்களைக் கேட்டு அட்டவணை போடுற இட்டா கார்டன் அதைக் கேட்டுக்கிட்டிருந்தார். கேட்டதோட விடாம ஆவணக் காப்பகத்துல தேடினார். பெட்டியோட வீடியோவுல சொன்ன தோழி பேர் மாட்டிச்சு. ஊர், பள்ளிக்கூடம், பிரிஞ்ச வருஷம், எல்லாமே பொருந்துச்சு!

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் இதுதான். சாட்சியம் சொன்னவர் பேரை மட்டும் பதிவு பண்ணிட்டு விடலை. அவர் வாயில வந்த மத்தவங்க பேரையும் யாரோ பொறுமையா கேட்டு எழுதி வச்சிருக்காங்க. நாங்க டேட்டாபேஸ் டிசைன் பண்ணும்போது 'இதெல்லாம் எதுக்கு'ன்னு முதல்ல வெட்டி விடுற சமாச்சாரம் அது. 82 வருஷப் பிரிவு அந்த ஒரு வரியாலதான் முடிஞ்சுது.

முதல்ல ஜூம்ல பார்த்துக்கிட்டாங்க, பேசினது ஜெர்மன்ல. 2021 நவம்பர்ல அனா மரியா ஃபுளோரிடாவுக்கே வந்துட்டாங்க. ரெண்டு பேருக்கும் 91 வயசு. பள்ளிக்கூட வளாகத்துல விட்ட அணைப்பை அங்கே தொடர்ந்தாங்க. 2023 பிப்ரவரியில பெட்டி இறந்துட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போயிருந்தா? நினைச்சா பக்குனு இருக்கு.

கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி அம்மாவை உக்கார வச்சு செல்போன்ல பேச்சைப் பதிவு பண்ணினேன். பேர் மட்டும் இல்லை. தெரு, வாத்தியாரோட பட்டப்பேர், தோழியோட அண்ணன் வச்சிருந்த சைக்கிள் கடை, ரெண்டு பேரும் மாத்திக் கட்டிக்கிட்ட தாவணி கலர் வரைக்கும் சொன்னாங்க. நடுவுல கொஞ்சம் அழுதாங்க. தோழி இன்னும் கிடைக்கலை. ஆனா இனிமே நான் தேடுறது வெறும் இனிஷியலை இல்லை.

உங்க அம்மாகிட்டயும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கண்டிப்பா ஒரு பேர் வச்சிருப்பாங்க.