மறதிக்குப் பெயர் வந்த வரலாறு

மூப்பு வந்தால் மறதியும் உடன் வரும் என்பது நம் இல்லங்களில் வழிவழியாக வழங்கிவரும் எண்ணம். பெரியவர் ஒருவர் உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்டால், வயதின் கோளாறு என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். ஐரோப்பிய மருத்துவ நூலோரும் நெடுங்காலம் அவ்வாறே அமைந்திருந்தனர்.

1901 நவம்பரில், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில் ஆகுஸ்தே டேட்டர் என்னும் பெண்மணி சேர்க்கப்பட்டார். வயது 51. கணவர் ரயில்வே எழுத்தர். கணவர்மீது காரணமற்ற ஐயம் முதலில் தோன்றிற்று. பின்னர் மறதியும் வீட்டு வேலைகளில் தடுமாற்றமும் தொடர்ந்தன. அலாய்ஸ் ஆல்சைமர் என்னும் மருத்துவர் அவரருகே அமர்ந்து வினவினார். பென்சில், பேனா, சாவி, சுருட்டு ஆகியவற்றைக் காட்டியபோது அம்மையார் பெயர்களைச் சரியாகவே கூறினார். சிறிது நேரத்தில் எதைக் கண்டோம் என்பதே நினைவில் இல்லை. காலிபிளவர் உண்டுகொண்டிருந்தவரிடம் உண்பது யாது என வினவ, பசலைக்கீரை என்றார். தம் பெயரை எழுதச் சொன்னபோது, திருமதி என்ற அளவில் எழுதி நின்றுவிட்டார். இவையெல்லாம் குறிப்பேட்டில் பதிவாயின.

1906 ஏப்ரலில் அம்மையார் மறைந்தார். அப்பொழுது மியூனிக்கில் பணியாற்றிய ஆல்சைமர், அவரது மூளையை வருவித்து, வெள்ளிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் தென்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் டியூபிங்கன் மாநாட்டில் இதனை எடுத்துரைத்தபோது, அவையில் ஒருவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை! 1910-இல் பேராசிரியர் கிரெப்பெலின் தம் பாடநூலில் இதற்கு ஆல்சைமர் நோய் என்று பெயரிட்டார். முதியோர் பலரின் மூளையில் அதே படிவுகளை 1907-இலேயே விவரித்த பிராக் நகரத்து ஆஸ்கர் பிஷரை உலகம் மறந்தது. அது நேர்மையன்று என்பதே நம் கருத்து. 1942-இல் அவர் தெரேசியென்ஷ்டாட் நாஜிச் சிறையில் உயிர் நீத்தார்.

பெயர் கிடைத்ததால் ஒரு தீங்கும் விளைந்தது. நடுவயதில் வருவதே ஆல்சைமர் நோய், முதுமையில் வருவது வெறும் தளர்ச்சி என்று மருத்துவர் பிரித்துவிட்டனர். முதியோர் ஆராய்ச்சிக்கும் உரியவராகாமல் அறுபது ஆண்டு கழிந்தது. 1968-இல் நியூகாசில் ஆய்வாளர் முதியோர் மூளைகளை ஆராய்ந்தும், 1976-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் வாதாடியும் இரண்டும் ஒன்றே என நிலைநாட்டினர். முதல் நோயாளிக்கு உண்மையில் இந்நோய்தானா என்ற ஐயமும் நிலவிற்று. தொலைந்துபோன குறிப்பேடு 1995-இல் பிராங்பர்ட்டில் அகப்பட்டது; பின்னர் மியூனிக்கில் கிடைத்த கண்ணாடிச் சில்லுகளில் படிவும் முறுக்கும் மீண்டும் காணப்பட்டன.

நம் நாட்டில் அறுபது கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இத்தகைய மறதி நோய்கள் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. குணமாக்கிவிடுவோம் என்று விளம்பரம் செய்வோரை நம்பிப் பொருளை இழக்க வேண்டா. ஆயினும் தைராய்டுக் குறை, பி-12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றும். அவற்றிற்குச் சிகிச்சை உண்டு. ஆதலால் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் காட்டிக் காரணத்தை அறிவதே முறை.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு ஓர் இடர் மிகுதி. கிழமை யாது, ஊர் யாது என்று மருத்துவர் இந்தியிலோ மராத்தியிலோ வினவ, தமிழன்றி வேறறியாத தாயார் வாளாவிருப்பார். அம்மௌனத்தை நோயென்று எழுதிவிடலாகாது. வினாக்களை நாமே தமிழில் கேட்டு, விடையை உள்ளவாறே மொழிபெயர்த்துக் கூற வேண்டும். நாமாக விடை கூட்டிச் சொல்லலாகாது. மாற்றம் என்று தொடங்கிற்று, முதலில் எது தவறிற்று என்பதையும் நாளிட்டு எழுதிக் கொண்டுசெல்வது நன்று. பிராங்பர்ட்டிலும் அந்த ரயில்வே எழுத்தர் கூறியதை மருத்துவர் கேட்டறிந்தார்.