சீட்டி போன வழி

தமிழ்நாட்டில் சீட்டி என்பார்கள், யாழ்ப்பாணத்தில் சீத்தை. பாட்டிமார் பாவாடைக்கும் தலையணை உறைக்கும் வாங்கிய பூப்போட்ட பருத்தித் துணி. அதன் மூதாதையரைப் பார்க்க டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். 2020இல் அங்கே இந்தியச் சீட்டிக்கென்றே ஒரு பெருங்கண்காட்சி திறந்தது. அந்தக் காலத்துக் கட்டில் விரிப்புகளில் பாறைக் குன்றிலிருந்து ஒரு மரம் வளைந்து எழும். ஒரே மரத்தில் பல சாதிப் பூக்கள் பூத்திருக்கும்.

அந்த மரம் பிறந்தது சோழமண்டலக் கரையில். மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் என்று துறைமுகங்களைச் சுற்றியிருந்த ஊர்களில் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்தார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் மை பரவாமல் காக்கும். இரும்பு ஊறிய காடியால் கறுப்புக் கோடு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம். சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்புப் பிடித்துக்கொள்ளும். பிறகு நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் தடவினால் பச்சை. சாயவேர் என்பது மணற்பாங்கில் வளரும் சிறு பூண்டின் வேர்தான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதைத் தோண்டும் உரிமையை ஒல்லாந்தர் தம் பிடியிலேயே வைத்திருந்தார்கள். அவ்வளவு மதிப்பு.

17ஆம் நூற்றாண்டில் சீட்டி ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. துவைத்தாலும் சிவப்புப் போகாத துணி அங்கே அதிசயம். கண்காணாத கிழக்கு நாட்டையே கட்டிலில் விரித்துப் படுத்தார்கள். ஆனால் அந்தக் கிழக்கு எப்படி இருக்கவேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். சிவப்புத் தரையைக் குறைத்து, வெள்ளைத் தரையில் பூங்கிளைகள் வேண்டுமென்று 1643இல் லண்டன் கிழக்கிந்தியக் கம்பெனி சூரத்திலிருந்த தன் ஆட்களுக்கு எழுதியது. பிறகு மாதிரிப் படங்களும் வந்தன. சீனப் பாறையும் பாரசீகப் பூவும் இங்கிலாந்துப் பூத்தையலின் இலையும் நம்மவர் கையில் ஒரே மரமாயின. எந்த மண்ணிலும் முளைக்காத அந்த மரத்தை நம் நாட்டு மரமென்று மேற்கு நம்பியது.

ஆசை முற்றியதும் அச்சம் வந்தது. உள்ளூர் நெசவைக் காக்க 1686இல் பிரான்ஸ் சீட்டியைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டது. அப்போதும் சீட்டி திருட்டுத்தனமாக வந்துகொண்டுதான் இருந்தது. 1742இல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இந்தியாவில் தம் சபையைச் சேர்ந்த சாயக்காரர்களிடம் கேட்டறிந்த செய்முறையைத் தம் நாட்டுக்கு எழுதி அனுப்பினார். நாளடைவில் ஐரோப்பிய ஆலைகளில் அச்சடித்த பூத்துணி நம் கடைத்தெருவுக்கே வந்து இறங்கியது.

பழைய விரிப்புகளைத் தேடிச் சேர்த்தவர்களில் ஹாரி வேர்ன் ஒருவர். சுவர்த்தாளும் துணியும் வடிவமைத்தவர். அவருடைய சேகரிப்பை அவர் மனைவி 1934இல் டொராண்டோ அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். தமிழர் இந்நகரில் பெருந்திரளாகக் குடியேறுமுன்பே அவர்கள் கரையின் துணி வந்து சேர்ந்துவிட்டது.

இன்று அவற்றில் பல இலைகள் நீலமாகத் தெரிகின்றன. மேலே தடவிய மஞ்சள் காலத்தில் கரைந்துவிட்டது. எழுதியவர் பெயர் எதிலும் இல்லை. சாயவேரின் சிவப்பு மட்டும் நிற்கிறது. ஸ்கார்பரோவிலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அந்தச் சிவப்பைக் காட்டுங்கள். எங்கள் மணலில் தோண்டிய வேர் இது என்று சொல்லுங்கள்.