பால்மங்களின் பெயர் வரலாறும் லிக்னினும்

எண்ணெயும் நீரும் ஒன்றினுள் ஒன்று நுண்துளிகளாய்ப் பரவி நிற்கும் கலவையைத் தமிழ் அறிவியல் நூல்கள் 'பால்மம்' என்கின்றன. 'எமல்ஷன்' என்னும் சொல்லுக்கு மூலமான இலத்தீன் வினைக்கும் பால் கறத்தல் என்பதே பொருள். மொழியியல் பயின்ற எனக்கு இப்பொருத்தம் மகிழ்ச்சி தருவது. ஆயினும் இத்துறையின் பிற பெயர்கள் இத்துணை நேர்மையானவை அல்ல.

சோப்பு போன்ற பொருளின்றி, நுண்ணிய திடத்துகள்களே துளிகளைச் சூழ்ந்து காக்கும் கலவை 'பிக்கரிங் பால்மம்' எனப்படுகிறது. பழமரங்களுக்குத் தெளிக்கும் எண்ணெய்க் கலவைகளில் ஈடுபட்டிருந்த பெர்சிவல் ஸ்பென்சர் பிக்கரிங், 1907இல் இதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார். ஆனால் புரதக் கரைசல்களின் மேற்பரப்பில் திடப்படலம் உருவாவதை ஆராய்ந்த வால்டர் ராம்ஸ்டன், துளிகளின் எல்லையில் தங்கும் திடப்பொருள் அவற்றை நிலைப்படுத்துவதை 1903இலேயே பதிவுசெய்துவிட்டார். பெயர் மட்டும் பின்னவருக்குப் போயிற்று.

லிக்னினுக்கு நேர்ந்தது இதனினும் கடுமையானது. 1813இல் டி கண்டோல், மரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டார். மதிப்பான பெயர்தான். 1838இல் மரத்திலிருந்து செல்லுலோசைப் பிரித்த அன்செல்ம் பாயன், எஞ்சியதை அதன்மேல் படிந்த பொருளாகவே கண்டார். செல்லுலோஸ் சரக்காயிற்று, லிக்னின் அகற்றவேண்டிய அழுக்காயிற்று. காகித ஆலைகள் அக்கண்ணோட்டத்தையே தொழில்முறையாக்கின. 1879இல் கார்ல் டால் கண்ட கிராஃப்ட் முறையில், லிக்னின் கருநிறக் காரநீரில் கரைந்து வெளியேறும். அந்நீரைச் சுண்டவைத்து எரித்து நீராவியும் வேதிப்பொருள்களும் மீட்பர். (இதனை அறியாமை என்று இகழ்வது தகாது. அம்மீட்பு இன்றேல் ஆலைக்குக் கட்டுப்படியாகாது.)

ராம்ஸ்டன் கண்ட உண்மையும் லிக்னினும் பரவலாகச் சந்தித்தது இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான். அசிட்டோன் போன்ற கரைப்பானில் லிக்னினைக் கரைத்து நீரில் ஊற்றினால், நீரை வெறுக்கும் பகுதிகள் உள்ளொடுங்கி நுண்கோளங்கள் திரள்கின்றன. இக்கோளங்களின் புறப்பரப்போ எதிர்மின் தன்மையும் நீர்நாட்டமும் மிக்கது. எண்ணெய்த் துளியின்மேல் எளிதில் தங்காது. 2017இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நேர்மின் தன்மை ஏற்றிய லிக்னினையே அக்கோளங்களின்மேல் பூசி, நீடித்து நிற்கும் பால்மங்களைப் பெற்றனர். எல்லைக்கு வந்து சேர்ந்த துகளை அங்கிருந்து பெயர்ப்பது அரிது. சோப்பு மூலக்கூறு வந்து வந்து போகும். துகள் அவ்வாறு அன்று.

குறையும் உண்டு. காரத்தன்மை மிகுந்தால் லிக்னின் மீண்டும் கரைந்து பால்மம் குலையும். 'பசுமை' என்னும் புதிய அடைமொழியைத் தருமுன், அந்த அசிட்டோனில் எவ்வளவு மீட்கப்படுகிறது என்றும் கேட்கவேண்டும்.