தோற்கிற அணியில் ஒரு கெட்டிக்காரர்

மலர்க்குழுவினர் "ஏதாவது சரித்திரக் கட்டுரை கொடுங்கள் சார்" என்று கேட்டபோது, நம் கல்லூரியின் பழைய கட்டடத்தைப் பற்றியோ முதல் முதல்வரைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். வேலை நிமித்தமாகப் பல வருஷம் அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் குடியிருந்தவன் நான். அந்த ஊரின் கால்பந்து அணி டெட்ராய்ட் லயன்ஸ். அதில் 2007 முதல் 2015 வரை ஆடிய கால்வின் ஜான்சன் என்பவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கால்பந்து என்றதும் நாம் மாலையில் மைதானத்தில் உதைத்த பந்தை நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை கொஞ்சம்தான். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார். ரிசீவர் என்பவர் ஓடிப்போய்ப் பிடிப்பார். பிடித்த பந்தோடு எதிராளியின் எல்லைக்குள் போய்விட்டால் டச்டவுன், ஆறு புள்ளி. ஆக, ரிசீவரின் பிழைப்பு முழுக்க அடுத்தவர் கையில்! முன்வரிசைக்காரர்கள் எதிரிகளைத் தடுத்து நிறுத்த வேண்டும், எறிபவர் நேராக எறிய வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் ரிசீவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சும்மா ஓடியதுதான்.

ஜான்சன் ஆறடி ஐந்தங்குல மனிதர். 2007ல் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். அடுத்த வருஷமே அணி சரித்திரத்தில் இடம் பிடித்தது, பதினாறு ஆட்டத்தில் பதினாறும் தோற்று! 16 ஆட்டப் பருவத்தில் அதற்கு முன் யாருக்கும் அந்தப் 'பெருமை' கிடைத்ததில்லை. எடுத்த புள்ளி 268, கொடுத்தது 517. மின்னசோட்டாவோடு ஓர் ஆட்டத்தில், லயன்ஸின் குவார்ட்டர்பேக் துரத்தியவருக்குப் பயந்து பின்னால் பின்னால் போய், தன் பக்கத்து எல்லைக்கோட்டையே தாண்டிவிட்டார். அதற்காக எதிரணிக்கு இரண்டு புள்ளி. கடைசியில் தோற்றது எத்தனை வித்தியாசத்தில் தெரியுமா? 12க்கு 10. அந்த வருஷம் ஜான்சன் பிடித்தது 78 பந்து, 1,331 கெஜம், 12 டச்டவுன். ரிசீவர்களில் அதைவிட அதிக டச்டவுன் அந்தப் பருவத்தில் எவருக்கும் இல்லை.

அது ஊருக்கே கெட்ட காலம். 2009ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் மனு கொடுத்தன. நல்ல வேலைக்காரர்கள்கூட, கம்பெனி கவிழ்ந்த ஒரே காரணத்துக்காக, பெட்டியைக் கட்டிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். அதனாலேயோ என்னவோ, சாப்பாட்டு மேசையில் ஜான்சன் பேச்சு வந்தால் விளையாட்டுப் பேச்சாக முடியாது. என்னோடு வேலை செய்த தமிழ் நண்பர் ஒருவர், எனக்கு மூத்தவர், பிடிவாதமாகச் சொல்வார்: "தம்பி, தோற்கிற டீமில் யார் வேணும்னாலும் ரன் அடிக்கலாம். ஜெயிக்க வெச்சானா, அதைச் சொல்லு."

அவர் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. பின்தங்கிய அணி, இழந்ததைப் பிடிக்க ஓயாமல் பந்தை எறியும். முன்னணியில் இருப்பவர்களும் "போகட்டும்" என்று கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். ரிசீவரின் கணக்கு வீங்கும். 2012ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபர்ட் அந்தப் பருவத்தில் எறிந்தது 727 முறை. அதுவரை யாரும் ஒரு பருவத்தில் அத்தனை எறிந்ததில்லை. ஜான்சன் 122 பந்து பிடித்து 1,964 கெஜம் சேர்த்து, 1995ல் ஜெர்ரி ரைஸ் செய்த 1,848ஐ முறியடித்தார். டிசம்பர் 22ந் தேதி அட்லாண்டாவோடு அந்தச் சாதனை நடந்த ஆட்டத்திலும் லயன்ஸ் தோல்விதான், 31க்கு 18. பருவம் முழுக்க வெற்றி நாலே நாலு. ஜான்சனின் டச்டவுனும் ஐந்துதான். அண்ணனுக்கு வாயெல்லாம் பல்!

ஆனால் நான் கேட்டது இதுதான்: "அண்ணே, அதே ஆளு, அணி நன்றாக ஆடிய வருஷத்தில் என்ன செய்தார்?" 2011ல் லயன்ஸ் பத்து ஆட்டம் ஜெயித்தது. தோற்பதால்தான் கணக்கு வீங்கியது என்றால் அந்த வருஷம் வற்றியிருக்க வேண்டுமே? 96 பந்து, 1,681 கெஜம், 16 டச்டவுன்! டல்லாஸ் அணியோடு 27க்கு 3 என்று கிடந்த ஆட்டத்தை 34க்கு 30 என்று திருப்பியபோது, மூன்று தடுப்பாளர்கள் சூழ்ந்து நிற்க, அத்தனை பேர் தலைக்கும் மேலே எம்பி ஒரு பந்தைப் பிடித்தாரே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. எதிராளி ஒருவருக்கு மூன்று பேரைக் காவல் வைக்கிறான் என்றால் அவன் மதிப்புப் போட்டுவிட்டான் என்றுதான் அர்த்தம். தோற்றால் நஷ்டம் அவனுக்கு, அதனால் அவன் போடும் மார்க்கில் தாட்சண்யம் இருக்காது.

அந்தப் பருவத்தின் வெளியேற்றுச் சுற்றில் நியூ ஆர்லியன்ஸோடு 12 பந்து, 211 கெஜம், 2 டச்டவுன். அணி கொடுத்த புள்ளியோ 45. தடுப்பாட்டத்துக்கும் அவரே இறங்க வேண்டும் என்றால் எப்படி?

அடிபட்ட உடம்போடு 2016 மார்ச்சில், முப்பது வயதிலேயே, ஓய்வு பெற்றார். ஒன்பது பருவம், 731 பந்து, 11,619 கெஜம், 83 டச்டவுன். வெளியேற்றுச் சுற்றில் ஒரு வெற்றிகூட இல்லை. கொடுத்திருந்த முன்பணத்தில் ஒரு பகுதியை நிர்வாகம் திருப்பிக் கேட்டதும், அவர் பல வருஷம் மனஸ்தாபத்தோடு இருந்ததும் பத்திரிகைகளில் வந்த சங்கதி.

வழக்குக்குத் தீர்ப்பு வேறொருவர் மூலம் வந்தது என்பது என் கட்சி. டெட்ராய்டில் பன்னிரண்டு பருவம் ஆடி வெளியேற்றுச் சுற்றில் ஒன்றுகூட ஜெயிக்காத அதே ஸ்டாஃபர்ட், 2021ல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்குப் போன முதல் பருவத்திலேயே சூப்பர் பௌல் வென்றார். கை அதே கை. சுற்றி நின்ற ஆட்கள் வேறு. அங்கே அவர் எறிந்ததைப் பிடித்த கூப்பர் கப் அந்தப் பருவத்தில் எடுத்தது 1,947 கெஜம், அதுவும் 17 ஆட்டத்தில். ஜான்சனின் 1,964 பதினாறே ஆட்டத்தில் வந்தது.

அதே 2021ல், தகுதி பெற்ற முதல் வருஷத்திலேயே, ஜான்சனைப் புகழ் மண்டபத்தில் சேர்த்துக்கொண்டார்கள். செய்தி வந்த அன்று அண்ணனுக்குப் போன் போட்டேன். "சரிப்பா, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு தடவையாவது ஜெயிச்சிருக்கலாம்" என்றார். அதை நானும் மறுக்கவில்லை.