போர்க்காலச் சித்திர நாவல்கள்: 'வன்னி'யும் யப்பானிய மங்காவும்

படமும் சொல்லும் சேர்ந்து நடத்துகிற நீண்ட கதை சித்திர நாவல். யப்பானில் அதற்கு மங்கா என்று பெயர். இலங்கைத் தமிழர் இதைச் சித்திரக்கதை, படக்கதை என்று சொல்லிவந்தனர். 1972 இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸும் அதன் இரும்புக்கை மாயாவியும் 'காமிக்ஸ்' என்ற சொல்லைப் பரவலாக்கினர். பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோன அந்தப் புத்தகங்களால், படம் போட்ட கதை சின்னப் பிள்ளைகளுக்கானது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. வளர்ந்தவர்களுக்கென்றே வரையப்பட்ட கதைகள், அதிலும் போரையும் இடம்பெயர்வையும் பேசுகிற கதைகள், இக்கட்டுரையின் பொருள். வன்னிப் பகுதியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட மக்களின் கதையைச் சொல்லும் நூல் ஒன்று இந்த வகையில் இருப்பதால் அதிலிருந்து தொடங்குவதே முறை.

'வன்னி' நூல்

பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லின்ட்சே பொலொக் வரைந்த 'வன்னி' 2019 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. டிக்ஸ் வன்னியில் ஐ.நா. பணியாளராக இருந்தவர். 2008 செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசு அறிவித்ததும், ஐ.நா.வும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. போகவேண்டாம் என்று சனங்கள் அலுவலக வாசலில் கூடி மன்றாடினார்கள். அந்த வாசலைக் கடந்து போன வாகனங்களில் ஒன்றில் இருந்தவர் எழுதிய கதை இது. நான்கு ஆண்டுகளுக்கு மேலான ஆய்வு, அதிகாரபூர்வ அறிக்கைகள், அகதிகளாகிப் பிறநாடுகளில் வாழ்வோரின் நேரடி வாக்குமூலங்கள் ஆகியவை இதற்கு அடிப்படை. பாத்திரங்கள் கற்பனை, அவர்களுக்கு நடந்தவை கற்பனையல்ல.

கதை ராமச்சந்திரன் குடும்பத்தைப் பின்தொடர்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோர வாழ்வைக் கலைத்துப் போடுகிறது. பிறகு போர் மூளுகிறது. பின்னர் ஒவ்வோர் ஊராகப் பின்னுக்குத் தள்ளப்பட்ட சனங்களின் பாதை. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி நகரம் அரச படையினர் வசமானது, 25 இல் முல்லைத்தீவு நகரம். மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. தப்பியவர்களுக்குச் செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாமின் முள்வேலி. அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான்.

இந்த வடிவத்துக்கு மட்டுமே உள்ள ஆற்றல் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். சித்திரக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே ஒரு வெள்ளை இடைவெளி இருக்கும். அங்கே எதுவும் வரையப்பட்டிராது. என்ன நடந்தது என்பதை வாசகரே நிரப்பிக்கொள்வார். வன்னியில் சின்னப் பிள்ளைகளுக்கும் எறிகணை 'குத்துற', அதாவது ஏவப்படுகிற, சத்தம் தெரியும், அது விழுந்து வெடிக்கிற சத்தமும் தெரியும். இரண்டுக்கும் இடையில் பங்கருக்குள் பாய்வதற்குக் கிடைத்த சில விநாடிகளும் தெரியும். அந்த விநாடிகளை வசனத்தில் எழுதினால் நீண்டுவிடும், திரைப்படத்தில் காட்டினால் ஓடிவிடும். தாளில் அது ஒரு வெள்ளைக் கோடாக நிற்கிறது. அடுத்த கட்டத்துக்குக் கண்ணை நகர்த்துவதா வேண்டாமா என்பது வாசகரின் கையில் இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்நூலில் ஒரு குறை தட்டும். தறப்பாளுக்குக் கீழே குந்தியிருக்கிற குடும்பம் ஆங்கிலத்தில் கதைக்கிறது. வெளியுலகத்துக்கு விளக்கவேண்டிய தேவை இருப்பதால், நமக்குத் தெரிந்தவையும் விளக்கப்படுகின்றன. அதற்காக ஒதுக்கிவிடக்கூடிய நூல் அல்ல இது. ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்', ஜோ சாக்கோவின் 'பாலஸ்தீன்', மர்ஜான் சத்ராபியின் 'பெர்செபோலிஸ்' ஆகிய நூல்களின் வரிசையில் வன்னிக்கு ஓர் இடம் பிடித்துத் தந்தது இதுதான்.

இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொரு நூல் உண்டு. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' (2011) கதை சொல்லும் நூல் அல்ல. இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாங்கள் இழந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அதனருகே கட்டடக் கலைஞரின் வரைபடமும் ஓவியரின் சித்திரமும் வைக்கப்பட்டன. கிணறு எங்கே, மாமரம் எங்கே, குசினி எந்தப் பக்கம் என்று கை நடுங்கப் போட்ட கோடுகள் பல கதைகளை விடக் கனமானவை.

மங்காவில் 'வளர்ந்தவர்' என்றால் யார்

யப்பானில் மங்கா முதலில் இதழ்களில் தொடராக வரும். அந்த இதழ் யாரை நோக்கியது என்பதை வைத்தே வகை பிரிப்பார்கள். சிறுவருக்கு ஷோனென், சிறுமியருக்கு ஷோஜோ, வளர்ந்த ஆண்களுக்கு செய்னென், வளர்ந்த பெண்களுக்கு ஜோசெய். இது கடையின் அடுக்கு ஒழுங்கே தவிர, உள்ளடக்கத்துக்கான சான்றிதழ் அல்ல. 'செய்னென்' என்று போட்டிருந்தால் ஆபாசம் என்று பொருளில்லை. 'ஷோனென்' என்று போட்டிருந்தால் பிள்ளைக்கு ஏற்றது என்றும் பொருளில்லை. நல்ல சான்று கெய்ஜி நாகசாவாவின் 'வெறுங்கால் கென்'. 1973 இல் சிறுவர் இதழ் ஒன்றில் தொடங்கிய அக்கதை, அணுகுண்டு விழுந்த ஹிரோசிமாவில் தோல் உரிந்து தொங்க நடக்கும் மனிதர்களை நேரே காட்டியது. நாகசாவா அன்று ஆறு வயதுப் பிள்ளை. தகப்பனையும் தமக்கையையும் தம்பியையும் இழந்தவர். 2023 இல் ஹிரோசிமா நகரத்துக் கல்விச் சபையே தன் சமாதானக் கல்விப் பாடநூலிலிருந்து இந்தக் கதையை எடுத்துவிட்டது. எந்த வயதில் எதைக் காட்டுவது என்ற வழக்கு அந்த மண்ணிலேயே இன்னும் முடியவில்லை.

போரை வரைந்த மங்காக்கள்

முதலாவதாக எடுக்கவேண்டியது ஃபுமியோ கோனோவின் 'உலகின் இந்த மூலையில்' (2007–2009). சுசு என்ற பெண் ஹிரோசிமாவிலிருந்து குரே என்ற கடற்படைத் துறைமுக நகரத்துக்கு மணமாகிப் போகிறாள். படம் வரைவதில் பிரியம் உள்ளவள். கதையின் பெரும்பகுதி சமையல், தையல், கூப்பன் அரிசி, மாமியார் வீடு. அரிசி தட்டுப்பாடானபோது அதை வறுத்து ஊறவைத்துப் பொங்கிப் பருமன் கூட்டுகிற வழியைப் பொறுமையாக வரைந்து காட்டுகிறார் கோனோ. வன்னியில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஒருவருக்கு அந்தப் பக்கம் வேறு யாருக்கும் புரியாத வகையில் புரியும்.

பிறகு, விழுந்தும் உடனே வெடிக்காத குண்டு ஒன்று வெடிக்கிறது. சுசு கைபிடித்துக் கூட்டிவந்த சிறுமியும் போகிறாள், அவள் பிடித்திருந்த வலது கையும் போகிறது. வரைகிற கை அது. அதற்குப் பின்வரும் பக்கங்களின் பின்னணிகளைக் கோனோ தன் இடது கையால் வரைந்தார். கோடு தடுமாறுகிறது, வீடுகள் சாய்கின்றன. விளக்கம் ஒரு வரி கிடையாது. முகமாலையில் இன்றும் கண்ணிவெடி தேடுகிற நிலத்தில் வாழ்பவர்களுக்கு, போர் முடிந்த பின்னும் ஒரு கை போகக்கூடும் என்பதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. போர் பற்றிய மங்காவில் இதற்கு மேல் ஒன்றை நான் வைக்கமாட்டேன்.

ஷிகெரு மிசுகியின் 'மேன்மையான மரணங்களை நோக்கி' (1973) சிப்பாயின் பக்கத்திலிருந்து வருவது. நியூ பிரிட்டன் தீவில் இடது கையை இழந்து திரும்பியவர் மிசுகி. தோற்றுப்போன போரில், உயிரோடு திரும்புவதே அவமானம் என்று சொல்லி ஆட்களைச் சாவுக்கு அனுப்பிய கட்டளையைக் கோபத்தோடு வரைகிறார். மனிதர்களை எளிய கேலிச்சித்திரமாகவும் காட்டையும் கடலையும் புகைப்படம்போலவும் தீட்டுவது அவர் முறை.

அண்மைக்காலத்தில் இதே வழியில் வந்தது கசுயோஷி தகெடாவின் 'பெலெலியூ' (2016–2021). பொம்மைபோல் உருண்ட முகங்களோடு 1944 இன் பெலெலியூத் தீவுச் சண்டையைச் சொல்கிறது. நாயகன் மங்கா வரைய ஆசைப்பட்ட ஓர் இளம் சிப்பாய். இறந்தவர்களின் கடைசி நேரத்தை வீரமாக மாற்றி எழுதி, அவர்களின் வீட்டுக்கு அனுப்புவது அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. கால் வழுக்கி விழுந்து செத்தவனும் தாளில் வீரனாகிறான். மச்சிகோ கியோவின் 'கொக்கூன்' (2009–2010) ஒகினாவாவில் மருத்துவ உதவிக்கு அனுப்பப்பட்ட ஹிமெயூரி மாணவியரின் வரலாற்றைத் தழுவியது. 1945 இல் அப்படி அனுப்பப்பட்ட மாணவியரும் ஆசிரியருமான 240 பேரில் 136 பேர் மாண்டனர். மென்மையான கோட்டில் வரையப்பட்டதாலேயே தாங்கமுடியாத கதை. ஸ்வெத்லானா அலெக்சியேவிச் தொகுத்த சோவியத் பெண் போராளிகளின் வாக்குமூலங்களையும் கெய்தோ கோமே 2019 இல் மங்காவாக வரையத் தொடங்கினார்.

போரை நேரே பேசாத ஒன்றையும் சேர்க்கிறேன். தாயோ மட்சுமோட்டோவின் 'சன்னி' (2010–2015) தாய் தகப்பனைப் பிரிந்து சிறுவர் இல்லத்தில் வளரும் பிள்ளைகளின் கதை. மட்சுமோட்டோவும் சிறுவயதில் அப்படியோர் இல்லத்தில் இருந்தவர். வளவில் ஓடாமல் நிற்கும் பழைய நிசான் சன்னி கார் ஒன்றுக்குள் ஏறியிருந்து பிள்ளைகள் எங்கெங்கோ போய்வருகிறார்கள். நம் தெருக்களிலும் ஓடிய அதே கார். போருக்குப் பின் வன்னியின் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளை அறிந்தவர்கள் இதை வாசிக்கவேண்டும்.

தேர்ந்தெடுப்பது

புத்தகத்தை நடுவில் திறந்து, சாவு எப்படி வரையப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். செத்தவருக்கு அதற்கு முந்திய பக்கங்களில் ஒரு பெயரும் ஒரு பழக்கமும் ஓர் ஆசையும் இருந்ததா? இருந்தால் அந்த நூலை நம்பலாம். இரத்தம் மட்டும் அழகாக வரையப்பட்டிருந்தால் வைத்துவிடலாம். இதுவே பெரிய அளவுகோல், மற்றவை சில்லறை. மகோடோ யுகிமுராவின் 'வின்லண்ட் சாகா' (2005–2025) பழிவாங்கலில் தொடங்குவதால் முதல் பாகங்களில் வெட்டும் குத்தும் நிறைய உண்டு. ஆயினும் அதன் நாயகன் வாளைக் கீழே வைத்து வயலில் உழுகிற இடத்துக்கு வந்துசேர்கிறான். முதல் பாகத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் அது தவறாகிவிடும்.

நீளத்தையும் கவனிக்கவேண்டும். கோனோவின் கதை சிறியது. 'வின்லண்ட் சாகா' 29 பாகம். ஆங்கிலப் பதிப்புகள் இறக்குமதியாவதால் விலை கூட. நூலகத்துக்கு வாங்குவோர் முதலில் முழுதாக ஒரே நூலில் முடிவதை எடுப்பது நல்லது. மங்கா வலமிருந்து இடமாக வாசிக்கப்படுவது. நாம் பின்னட்டை என்று நினைப்பதுதான் முன்னட்டை. இரண்டு அத்தியாயத்தில் கண் பழகிவிடும்.

கடைசி அளவுகோல் வாசிப்பவரின் உடம்பு. கொழும்பிலோ கனடாவிலோ இருப்பவருக்கு 'வன்னி' ஓர் அறிமுகம். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் போரின் நடுவே நின்றவருக்கு அது காயத்தைத் தொடுவது. அப்படிப்பட்டவர் கோனோவில் தொடங்கலாம். வேறு நாடு, வேறு மொழி, ஆனால் அதே அடுப்பு. நெஞ்சு படபடத்தால் மூடிவைத்துவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கும் முன் பெரியவர் ஒருவர் முழுதாக வாசித்திருக்கவேண்டும்.

நாகசாவாவும் மிசுகியும் தங்கள் பெரிய நூல்களைத் தொடங்கியது 1973 இல், போர் முடிந்து 28 ஆண்டுகள் கழித்து. வன்னிக்கு அந்த 28 ஆவது ஆண்டு 2037. முகாமில் இருந்த காலத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் ஏதாவது கீறி வைத்திருந்தால், அந்தக் கொப்பிகளை எறிந்துவிடாதீர்கள்.