சுவரில் பூஞ்சையா? பெயின்ட் அடிக்கும் முன் இதைப் பாருங்க!

தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் பொங்கலுக்குப் போடலாம்னு பீரோவைத் திறக்கிறீங்க. காலரில் திட்டுத்திட்டாகப் பூஞ்சை. பீரோவை நகர்த்திப் பார்த்தால், பின்னால் சுவரே கறுத்துக் கிடக்கிறது. சென்னை வாடகை வீட்டில் ஒரு வடகிழக்குப் பருவமழையைக் கழித்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

"ஒரு கோட் பெயின்ட் அடிச்சா சரியாயிடும்" என்பார் ஹவுஸ் ஓனர். ஆகாது. அடுத்த ஐப்பசியில் அதே இடம் உப்பி, உரிந்துவிடும். பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன. ஓர் இடம் 24 முதல் 48 மணி நேரம் ஈரமாகவே இருந்தால் போதும், அங்கே முளைக்கத் தொடங்கிவிடும். அதனால் முதல் வேலை, தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பதுதான்.

ஈரம் எங்கிருந்து வருது?

* சீலிங்கிலும் சுவரின் மேல்பகுதியிலும் இருந்தால், மொட்டை மாடி விரிசலையோ மேல்வீட்டு பாத்ரூமையோ சந்தேகப்படுங்கள்.

* கிரவுண்ட் ஃப்ளோரில், தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை மட்டும் ஓதம் அடித்தால், மண்ணின் ஈரம் சுவர் வழியாக ஏறுகிறது. அங்கே வெள்ளைப் பொடி இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்துவிட்டால் அது பூஞ்சை இல்லை, உப்பு.

* மழையே இல்லாத ஏப்ரலிலும் ஈரமாக இருந்தால், பைப் கசிவாக இருக்கலாம்.

* பீரோவுக்குப் பின்னால், அறை மூலையில் மட்டும் என்றால், காற்று ஓடாததுதான் பிரச்னை. அறைக்குள்ளேயே கொடி கட்டித் துணி காயப்போடுகிறீர்களா? அந்தத் தண்ணீர் முழுக்க அறையின் காற்றில்தான் கலக்கிறது.

இன்னும் குழப்பமா? சுவரைத் துடைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டின் வெளிப்பக்கம் நீர்த்துளி இருந்தால், அறைக் காற்றின் ஈரம். உள்பக்கம் இருந்தால், சுவருக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது.

துடைக்கும்போது உஷார்!

காய்ந்த துணியாலோ துடைப்பத்தாலோ தட்டாதீர்கள். வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். மாஸ்க், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, ஃபேன் போட்டுக் காயவிடுங்கள். பூஞ்சை 10 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால், அனுபவம் உள்ள ஆளைக் கூப்பிடுவது நல்லது. வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

முக்கியமான ஒன்று: 'ரெண்டும் சேர்ந்தா பவர் அதிகம்'னு பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

தினமும் செய்ய வேண்டியது

பீரோவை, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு கை நுழையும் அளவுக்குத் தள்ளிப் போடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஜன்னலையும் பீரோ கதவையும் திறந்துவையுங்கள். அடைமழையில் திறந்தால் வெளி ஈரம்தான் உள்ளே வரும். ஏசி இருந்தால் அப்போது 'டிரை மோடு' கைகொடுக்கும். அரை ஈரத்தில் இருக்கும் ஜீன்ஸை மடித்து வைக்காதீர்கள்.

ஓனரிடம் எப்படிப் பேசுறது?

குடிபோகும் அன்றே எல்லாச் சுவர்களையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது 'நீங்கதான் சுவரைக் கெடுத்தீங்க' என்று அட்வான்ஸில் கைவைக்க முடியாது. தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, நீங்கள் ஏற்படுத்திய சேதம் தவிர, கட்டட ரிப்பேரும் பைப் மாற்றுவதும் ஓனர் பொறுப்பு. ஆனால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து போட்டிருந்தால் கதை மாறும். அதனால் படித்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள்.

வீட்டில் இருக்கும்போது மட்டும் தும்மல், இருமல், வீசிங் வந்து, ஊருக்குப் போனால் சரியாகிறதா? டாக்டரிடம் சுவரைப் பற்றியும் சொல்லுங்கள்.

கசிவை அடைத்து, துடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, சித்திரை வெயிலில் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். அந்த பெயின்ட்தான் அடுத்த மழைக்கும் நிற்கும்.