எடையா, நீளமா? - ஒரு திருகின் கதை



பி.காம். படிக்கிறவனுக்கு பிளாஸ்டிக் கம்பெனி மெஷினில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. சுற்றி வளைத்துக் கடைசியில் பில் புத்தகத்துக்குத்தான் வரப்போகிறோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் :-)

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். சுங்குவார்சத்திரம் வந்ததுமே வயல் குறைந்து தொழிற்சாலைகள் கூடிவிடும். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வேலை தொடங்கியது. 1998-ல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. பின்னாலேயே உதிரிபாகம் செய்கிற கம்பெனிகளும் வந்தன. தறியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் வேலைக்குப் போன நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறைய. ஆனால் அங்கேயும் நூல் அவர்களை விடவில்லை. இங்கே பட்டு நூல், அங்கே கண்ணாடி நூல்!

காரின் ரேடியேட்டருக்கு இரண்டு ஓரத்திலும் கறுப்பாக ஒரு தொட்டி இருக்கும். பார்த்தால் வெறும் பிளாஸ்டிக். உண்மையில் அது பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். நூறு கிலோவில் முப்பது கிலோ கண்ணாடி என்பது சாதாரணமான கலவை. இப்படிக் கலந்தால் வெறும் நைலானைப் போல இரண்டு மடங்கு வரை இழுவிசையைத் தாங்கும். கொதிக்கிற தண்ணீரின் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்குவது இதனால்தான்.

இந்தக் கலவையைச் செய்வது ஒரு திருகு. கம்பெனியில் ஸ்க்ரூ என்பார்கள்.

திருகின் வயது ரொம்பப் பெரியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் ஆர்க்கிமிடீஸ் பெயரில் வழங்குகிற திருகு, தண்ணீரை மேலே ஏற்றியது. 1780களில் அமெரிக்காவின் டெலவேரில் ஆலிவர் எவன்ஸ் என்பவர் தன் மாவு மில்லில், ஆள் கை படாமல் மாவை நகர்த்தத் திருகைப் பயன்படுத்தினார். இன்று நம்மூர் அரிசி ஆலைகளில் தவிட்டைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்க்ரூவெல்லாம் அதன் வாரிசுகள்தான்.

பிளாஸ்டிக்குக்கு முன்னோடி, கட்டாபெர்ச்சா என்ற மலாய் நாட்டு மரப்பால். கடலடித் தந்திக் கம்பிக்கு அதைத்தான் உறையாகப் போட்டார்கள். 1870-71-ல் சென்னையைப் பினாங்கு, சிங்கப்பூரோடு இணைத்த தந்திக் கம்பியும் அந்த வகைதான். 1845-ல் ஹென்றி பியூலி செய்த மெஷின் நம் வீட்டு முறுக்கு அச்சு போல. உள்ளே போட்டு, மேலிருந்து அழுத்தினால் கீழே வரும். தீர்ந்தால் நிறுத்தி மறுபடி போடவேண்டும். 1879-ல் இங்கிலாந்தின் மேத்யூ கிரே அதற்குப் பதிலாகத் திருகை வைத்துக் காப்புரிமை வாங்கினார். ஒரு பக்கம் போட்டுக்கொண்டே இருக்கலாம், மறுபக்கம் வந்துகொண்டே இருக்கும். தள்ளுவது, உருக்குவது, கலப்பது எல்லாம் ஒரே திருகின் வேலை!

இனி கண்ணாடி. 1930களில் அமெரிக்காவில் கண்ணாடியை முடியைவிட மெல்லிய இழையாக இழுக்கும் முறை தொழிலானது. 1938-ல் ஓவன்ஸ் கார்னிங் கம்பெனி பிறந்தது. இந்த இழையை உருகும் பிளாஸ்டிக்கில் சேர்த்தவர்களில் முக்கியமானவர் ரெக்ஸ்ஃபோர்ட் பிராட். 1959-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. நீளமான கண்ணாடி இழைக்கு பிளாஸ்டிக் பூசி, பிறகு குருணையாக வெட்டினார். குருணை எவ்வளவு நீளமோ, உள்ளே இழையும் அவ்வளவு நீளம். அப்போதைய மோல்டிங் மெஷின்கள் பெரும்பாலும் முறுக்கு அச்சு ரகம்தான், இழையைப் பெரிதாக உடைக்கவில்லை.

1946-ல் ஜேம்ஸ் ஹென்ட்ரி மோல்டிங் மெஷினில் திருகை வைத்தார். அடுத்த இருபது முப்பது வருடத்தில் திருகுதான் எல்லா இடத்திலும். ஏற்கனவே வெட்டி வைத்த கண்ணாடி இழையையும் பிளாஸ்டிக் குருணையையும் சேர்த்துப் போட்டுத் திருகாலேயே கலப்பது மலிவாகவும் வேகமாகவும் இருந்தது. பிரச்சினையும் இங்கேதான் ஆரம்பித்தது.

முதல் பிரச்சினை வாயிலேயே. வெட்டிய இழை அரிசி மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்காது. ஒன்றோடொன்று சிக்கிப் பஞ்சு போலத் திரளும். ஹாப்பருக்குள் கூரை போட்டது மாதிரி அந்தரத்தில் நின்றுவிடும். கீழே திருகு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஹாப்பரையே தராசின் மேல் உட்காரவைத்து, நிமிடத்துக்கு எவ்வளவு எடை குறைகிறது என்று பார்த்து, அதற்கேற்ப ஃபீடர் திருகின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். முப்பது சதவீதம் என்றால் முப்பதுக்கு மிக அருகில் கொண்டுவந்துவிடலாம்.

இரண்டாவது பிரச்சினை தராசுக்குத் தெரியாது. போடும்போது மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளமாக இருக்கும் இழை, திருகு அரைத்த அரைப்பில் வெளியே வரும்போது அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடலாம். எடை அப்படியே இருக்கும். ஒரு கிராம் குறையாது. நீளம்தான் போய்விடும்.

நீளம் போனால் என்ன? ஒரு நெசவாளியைக் கேளுங்கள். பட்டுக்கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் அறுபடாமல் எடுக்கும் இழைதான் பாவுக்கு நிற்கும். அறுந்த கழிவிலிருந்து திரித்த நூலும் பட்டுதான், ஆனால் இழுப்பு அதே அளவு தாங்காது. 1965-ல் கெல்லி, டைசன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இழைப் பொருள்களுக்கு இதைக் கணக்காகவே போட்டார்கள். சுற்றியுள்ள பொருள் இழையின் மேற்பரப்பைப் பிடித்துத்தான் பாரத்தை அதற்கு மாற்றுகிறது. ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குக் கீழே போனால் பிடிமானம் போதாது. இழை தன் முழு பலத்தையும் காட்டும் முன்பே உருவிக்கொண்டு வந்துவிடும்.

எனவே திருகை மாற்றினார்கள். 1950களில் ஜெர்மனியின் பேயர் கம்பெனியும் வெர்னர் அண்ட் ஃப்ளைடரரும், ஒரே திசையில் சுற்றும் இரட்டைத் திருகு மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. துண்டு துண்டாகக் கோர்த்த திருகு அது. எங்கே தள்ளவேண்டும், எங்கே பிசையவேண்டும் என்று நாமே அடுக்கிக்கொள்ளலாம். இந்த வகை மெஷினில் பிளாஸ்டிக்கை முதலில் தனியாக உருக்கிவிட்டு, பாதி வழியில் பக்கவாட்டில் இன்னொரு சின்ன ஃபீடர் மூலம் இழையை உள்ளே விடும் முறை வந்தது. உருகாத குருணையோடு சேர்த்து அரைபடுவதற்குப் பதில், இளகிய குழம்புக்குள் இழை நுழைகிறது. உடைவது குறைகிறது. இரும்புப் பேரல் தேய்வதும் குறைகிறது, ஏனென்றால் கண்ணாடி இரும்பையே அறுக்கும்.

நம் பக்கத்தில் இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க 1968-லேயே கிண்டியில் சிபெட் நிறுவனம் தொடங்கப்பட்டது.

இப்போது பில் புத்தகத்துக்கு வருகிறேன். கண்ணாடி இழை நைலான் வாங்கினால் ரசீதில் "முப்பது சதவீதம்" என்று எடைக் கணக்கு இருக்கும். நீளக் கணக்கு சாதாரணமாக இருக்காது. புதிய குருணையும், பழைய பாகங்களை அரைத்து மறுபடி திருகில் ஓட்டிய குருணையும் காகிதத்தில் ஒரே முப்பதுதான். ஒவ்வொரு முறை ஓடும்போதும் இழை இன்னும் குட்டையாகிறது. விலை குறைவாக வாங்கியவர் லாபம் எழுதுவார். தொட்டி வெடித்து நடுரோட்டில் நிற்பவரின் நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் வராது.

சோதிக்க முடியாதா? முடியும். சுமார் 600 டிகிரியில் பிளாஸ்டிக்கை எரித்துவிட்டால் கண்ணாடி மட்டும் மிஞ்சும். அதை நிறுத்தால் சதவீதம். அதையே நுண்ணோக்கியில் பார்த்து அளந்தால் நீளம். நீளத்தை அளப்பதற்கென்று 2006-ல் ஐ.எஸ்.ஓ. தனித் தரநிலையே வெளியிட்டது. நிறுத்துப் பார்ப்பதோடு நிற்காமல் கூடவே நீளத்தையும் அளக்கச் சொல்லி வாங்குகிறவர் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் ஒரு நூலைக் கொளுத்தி, முடி கருகிய வாடை வருகிறதா, சாம்பல் விரலில் பொடிகிறதா என்று பார்த்துப் பட்டைக் கண்டுபிடிப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கை அறிவு காகிதத்தில் ஏற 2004-ல் சில்க் மார்க்கும், 2005-ல் புவிசார் குறியீடும் வரவேண்டியிருந்தது. கண்ணாடி நூலுக்கு அளவுகோல் ஏற்கனவே தயார். ரசீதில் ஒரு வரி கூடினால் போதும்.

தறியை விட்டு அங்கே போன பிள்ளைகளுக்கு இழையின் நீளம் ஏன் முக்கியம் என்று யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. அவர்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டதுதான் அது.